மஞ்சள் பூட்ஸுடன் பேராலயம் கண்ட கமலவேணி அம்மாள்

கமலவேணி அம்மாள் கையெழுத்துப் போடவேண்டிய கடிதம் ஒன்பது வரி இருந்தது. நார்வே நாட்டுக் கரையை ஒட்டி வடக்கே போய்க்கொண்டிருந்த கப்பலில், பசியாறும் மேசையில், புளிக்கவைத்த மீன் தட்டுக்கும் ரொட்டிக் கூடைக்கும் நடுவே அது மரியாதையாக வைக்கப்பட்டது.

'கீழே கையெழுத்திடும் கமலவேணி, க/பெ காலஞ்சென்ற அங்கமுத்து ஆகிய நான், ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் குழுவை விட்டுப் பிரிந்து, சொந்த விருப்பத்தின் பேரில் பேராலயத்துக்கு நடந்து செல்கிறேன். வழி தவறுதல், வழுக்கி விழுதல், குளிரில் விறைத்தல், கப்பலைத் தவறவிடுதல் ஆகிய எதற்கும் சங்கமோ அதன் தலைவரோ பொறுப்பல்ல.'

எழுதியவர் பாலகிருஷ்ணன். அங்கமுத்துவின் உடன்பிறந்த தம்பி, அம்மாளுக்குக் கொழுந்தன். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஒப்பிஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து, ஓய்வு பெற்ற மறுநாளே மலாக்காப் பொன்வயதுப் பயணச் சங்கத்தைத் தொடங்கித் தானே தலைவரும் ஆனவர். ரப்பர் முத்திரையைக் கப்பலுக்கும் எடுத்துவந்திருந்தார்.

"நல்லா படிச்சுப் பாத்துப் போடுங்க அண்ணி. பின்னால நான் மெரட்டி வாங்கினேன்னு பேச்சு வரக்கூடாது."

"எழுத்தெல்லாம் கோணிக்கிட்டு இருக்கே தம்பி. குளிருல கை நடுங்குதா?"

"கப்பல் ஆடுதுலா!"

"ஓ. எனக்கு ஆடல."

குழுவில் பதினான்கு பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கிராணிகளும் அவர்களுடைய மனைவிமாரும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து விளக்குமாற்றோடு ஓய்வு பெற்றவர் கமலவேணி அம்மாள் ஒருவர்தான். இது ஒரு குறை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் எந்தக் கத்தியை எடுக்கவேண்டும் என்று எட்டுப் பேர் எட்டு விதமாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கப்பல் காலை பத்து மணிக்கு ட்ரொண்ட்ஹெய்மில் கரையணையும். ஒரு மணிக்குக் கிளம்பும். யாருக்காகவும் நிற்காது. அந்த மூன்று மணி நேரத்தில் குழு பேருந்தில் ஏறி, ஊரைச் சுற்றி, பேராலயத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பும். உள்ளே போவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"உள்ள போகாததுக்கு எதுக்கு தம்பி கோயிலு?" என்று அம்மாள் முதல் நாளே கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் வளர்ந்து ஒன்பது வரிக் கடிதமாகியிருந்தது.

"சரி, போங்க," என்றார் பாலகிருஷ்ணன், முத்திரையைக் குத்தியபடி. "கப்பல விட்டீங்கன்னா இங்கேருந்தே பிளேன் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடுவேன். ஆண்டுக் கூட்டத்துல இந்தக் கடுதாசிய எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன். தோட்டத்து ஆளுங்கள வெளிநாட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்கன்னு ஏற்கெனவே நாலு பேரு சொன்னாங்க. அவங்க சொன்னது சரியாப் போயிடும்."

பாலகிருஷ்ணனின் மனைவி ஜானகி ரொட்டிக் கூடைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாள் பேனாவை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டார். 'ணி'யின் கொக்கி முத்திரையின் மேலேயே ஏறி நின்றது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

அம்மாள் மலாக்காவில் அலோர் காஜா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, பணக்காரர்கள் சின்ன வெள்ளைப் பந்தைக் குழியில் தள்ளுவதற்காகப் புல் வளர்த்தார்கள். குடும்பம் மலாக்கா ஊரோரத்துக் கிளேபாங்குக்கு வந்தது. அங்கமுத்து லோரி ஓட்டினார். அம்மாளுக்குக் கிடைத்தது மலாக்கா மலைமேல் இருக்கிற கூரையில்லாத பழைய தேவாலயத்தைக் கூட்டும் வேலை. விடியற்காலையில் படியேறி, ஈர்க்குமாற்றால் சருகைத் தள்ளி, குழாய்த் தண்ணீரால் கல்லறைப் பலகைகளைக் கழுவுவார். வேலைக்குக் கொடுத்தது ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் பூட்ஸ். இருபத்தாறு வருஷத்தில் பூட்ஸ் பதினோரு முறை மாறியது, நிறம் மாறவில்லை.

ஐரோப்பாவிலிருந்து ஆள் ஆளாக வந்தார்கள். இடிந்த சுவரைப் பார்த்தார்கள், கல்லறையைப் பார்த்தார்கள், கூட்டிக்கொண்டிருந்த அம்மாளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கேட்காமல் படமெடுத்தார்கள். குனிந்தால் எடுத்தார்கள், நிமிர்ந்தால் எடுத்தார்கள், மூக்கைச் சிந்தும்போதும் ஒருவர் எடுத்தார். ஒருநாள் மலையடிவாரக் கடையில் தொங்கிய தபாலட்டை ஒன்றில் அம்மாள் தன்னையே கண்டார். சாயங்கால வெளிச்சம், பழைய வளைவு, அதன் கீழே ஈர்க்குமாறும் மஞ்சள் பூட்ஸுமாக ஒரு முதுகு. அட்டையின் பின்பக்கம் தேவாலயத்தைப் பற்றி எட்டு வரி இருந்தது. முதுகைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைக்காரர் அவரிடமும் விலையைக் குறைக்கவில்லை.

அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அன்றைக்கே அம்மாள் ஒரு முடிவுக்கு வந்தார். இவர்கள் இத்தனை தூரம் வந்து நம் ஊரில் உடைந்ததைப் பார்க்கிறார்கள். நாம் ஒருமுறை இவர்கள் ஊருக்குப் போய் உடையாததைப் பார்ப்பது.

அறுபது வயதில் ஓய்வுப் பணம் கைக்கு வந்தது. மகன் சுகுமாரன் அடுப்படியை இழுத்துப் பெரிதாகக் கட்டலாம் என்றான். "நான்தான ஆக்கிப் போடுறேன்? எனக்கு இந்த அடுப்படி போதும்," என்று சொல்லிவிட்டு, அம்மாள் தெங்கேராவில் இருந்த பயண முகவர் கடைக்கு நடந்தார். கொழுந்தனின் சங்கம் நார்வேக்குப் போவதாக அங்கேதான் தெரிந்தது. பட்டியலில் பதினான்காவது பெயராக அண்ணியைப் பார்த்தபோது தலைவரின் முகம் போன போக்கைப் பற்றி ஜானகி பின்னால் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கப்பல் சொன்ன நேரத்துக்குக் கரையணைந்தது. மற்றவர்கள் கம்பளி உரோமம் வைத்த புது பூட்ஸில் இறங்கினார்கள். அம்மாள் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டு, அதன்மேல் பழைய நண்பனை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெள்ளைப் பனியில் அந்த மஞ்சள் அரை மைலுக்குத் தெரிந்தது.

"அண்ணி, அதையா போட்டுக்கிட்டு வந்தீங்க? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க!"

"வேலைக்குப் போறேன்னு நெனைப்பாங்க. யாரும் வம்பு பண்ண மாட்டாங்க."

ஜானகி ஓடிவந்து தன் கையுறையைக் கழற்றி அம்மாள் கையில் திணித்தார். "அக்கா, சீக்கிரம் வந்துடுங்கக்கா. இவரு சொன்னா செஞ்சிடுவாரு."

பேருந்து புகைவிட்டுக்கொண்டு போயிற்று. அம்மாள் நடந்தார். கூர்கோபுரம் கூரைகளுக்கு மேலே தெரிந்ததால் யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. நடைபாதையெல்லாம் உறைபனி, அதன்மேல் வழுக்காமலிருக்கப் பொடிக் கல்லைத் தூவியிருந்தார்கள். இந்தக் கல்லெல்லாம் யார் வீட்டுக்குள் போய்ச் சேருமோ, அதை யார் கூட்டுவாளோ என்ற தொழில்முறைக் கவலை அவருக்கு வழியெல்லாம் இருந்தது.

பேராலயத்தின் முகப்புக்கு எதிரே வந்ததும் நின்றார். வரிசை வரிசையாகக் கல்லில் மனிதர்கள். ராஜாக்கள், சாமியார்கள், தலையைக் கையில் பிடித்தவர்கள். கீழிருந்து மேல்வரை பார்த்து முடிக்கக் கழுத்து வலித்தது.

"கோபுரந்தான்," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "கலர் அடிக்காம விட்டுட்டாங்க."

பக்கத்து வாசலில்தான் ஆட்கள் உள்ளே போனார்கள். அந்த வாசலில்தான் அம்மாள் இந்த வரலாற்றின் மையமான காரியத்தைச் செய்தார். யோசித்துச் செய்ததல்ல. அறுபது வருஷமாகக் கால்கள் செய்து பழகியது. சுவரோரமாகக் குனிந்து, பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வைத்தார். காலுறையோடு உள்ளே போனார். டிக்கெட் கொடுத்த பெண் மேசைக்கு மேலே எட்டி அவர் காலைப் பார்த்தாள். அம்மாளும் அவள் காலைப் பார்த்தார். பூட்ஸ் போட்டிருந்தாள். பாவம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

உள்ளே இருட்டும் மெழுகு வாசமும். தூரத்தில் வட்டமான பெரிய கண்ணாடி ஜன்னல் நீலமும் சிவப்புமாகத் தணலைப் போல இருந்தது. அம்மாள் வாயைத் திறந்துகொண்டு நின்றார். கூரை இருந்தது! இருபத்தாறு வருஷம் கூரையில்லாத தேவாலயத்தைக் கூட்டிய ஒருவருக்குத்தான் அதன் அருமை தெரியும். மழை விழாது, சருகு விழாது, குரங்கு வராது.

அப்புறம் கண் தானாகத் தரைக்கு இறங்கியது. நினைத்தது சரிதான். தெருவில் தூவிய பொடிக் கல் முழுக்க இங்கேதான் இருந்தது. காலுறையில் குத்தியது.

கிழக்குக் கோடியில் பலிபீடத்தைச் சுற்றி எட்டுப்பட்டையாக ஒரு நடை வளைந்து போனது. அதைப் பார்த்ததும் அம்மாளுக்கு ஊர்க் கோயில் பிரகாரம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் அங்கே ஒரு புனித ராஜாவின் பெட்டகம் இருந்தது, தூரதேசத்து ஜனங்கள் அதைக் கும்பிட நடந்தே வந்தார்கள் என்று கப்பலில் சொல்லியிருந்தார்கள். நடந்தே வந்தவர்கள் சுற்றாமலா போயிருப்பார்கள்? கையைக் கூப்பி, இடமிருந்து வலமாக நடந்தார். இரண்டாவது சுற்றில் காவலர் ஒருவர் வந்து, எதையாவது தேடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்.

"த்ரீ ரவுண்ட்," என்றார் அம்மாள். "ஒன் மோர் பேலன்ஸ்."

காவலர் ஒதுங்கி வழிவிட்டார்.

மூன்றையும் முடித்து, அங்கமுத்துவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றி, வெளியே வந்து சுவரோரம் பார்த்தபோது பனிதான் இருந்தது. பூட்ஸைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் இரண்டு குழி மட்டும். மணி பன்னிரண்டே கால்.

வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார். அம்மாள் கோபப்பட்டார், அதுவும் ஒரு கணந்தான். அடுத்த கணம் மலைமேல் தாம் இருபத்தாறு வருஷம் என்ன செய்தோம் என்பது ஞாபகம் வந்தது. கேட்பாரில்லாமல் கிடக்கிற குடை, தொப்பி, பால் புட்டி எதையும் அப்படியே விடக்கூடாது. எடுத்துக் கொண்டுபோய் வைக்கவேண்டும். எடுப்பது யார்? கூட்டுகிற ஆள்.

திரும்ப உள்ளே நுழைந்தார். டிக்கெட் பெண்ணைத் தாண்டினார். ஒரு தூணுக்குப் பின்னால் வாளி உருளும் சத்தம் கேட்டது. உலகத்தின் எந்த மூலையிலும் அந்தச் சத்தம் ஒன்றுதான். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மை பூட்ஸ்," என்றார் அம்மாள். "அவுட்சைட். யூ டேக்?"

அந்தத் துப்புரவுப் பெண் புரியாமல் விழித்தார். வெளியே பனியில் பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு ஒருத்தி வருவாள் என்பது அவருடைய அறிவுக்கு எட்டிய உலகத்தில் இல்லை. கமலவேணி அம்மாளின் ஆங்கிலமோ மலைமேல் கற்றது. 'கேர்ஃபுல், ஸ்லிப்பரி', 'டாய்லெட் தட் சைட்', 'குளோசிங் டைம் ப்ளீஸ்' என்கிற மூன்று வாக்கியமும் இப்போது உதவாது. மணி ஓடியது. அம்மாள் பர்ஸைத் திறந்தார். தபாலட்டையை எடுத்து நீட்டி, முதுகைத் தொட்டுக் காட்டி, "மீ," என்றார். விரலைக் கீழே இறக்கி மஞ்சளைத் தொட்டு, "பூட்ஸ்," என்றார்.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார். ஈர்க்குமாற்றைப் பார்த்தார். தன் கையிலிருந்த துடைப்பானைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வா, வா" என்று கையைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் ஓட, அம்மாள் காலுறையோடு பின்னால் ஓட, ஒரு பழைய கதவு திறந்தது. பேராலயத்தைச் சதா செப்பனிட்டுக்கொண்டிருக்கும் கல்தச்சர்களின் அறை. சுவரோரம் அவர்களுடைய கனத்த பூட்ஸுகள் வரிசையாக நின்றன. கடைசியில், தானும் ஒரு கல்தச்சன்தான் என்பதுபோல, கிளேபாங் மஞ்சள் நின்றது.

கல்தச்சரில் யாரோ ஞாபகமறதியாக வெளியே விட்டுவிட்டார் என்று எடுத்துவைத்தேன், மன்னிக்கவேண்டும், என்று சைகையாலேயே சொல்லி அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்தார்.

"நோ சாரி. குட் ஒர்க். மீ சேம்-சேம்," என்றார் அம்மாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு இரண்டடி வைத்தவர் நின்றார். பன்னிரண்டு இருபத்தைந்து. நிற்கக்கூடாது. ஆனாலும் திரும்பினார். கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டி, இருபத்தாறு வருஷத்தில் தம்மிடம் ஒருவரும் கேட்காததைக் கேட்டார்.

"போட்டோ, கேன்?"

அந்தப் பெண் உடனே சரி சொல்லிவிடவில்லை. சுருட்டிய சட்டைக்கையை இறக்கிவிட்டார். தலைமுடியை ஒதுக்கினார். துடைப்பானை ஈட்டி மாதிரி நட்டுப் பிடித்து, முகப்பில் நிற்கும் கல் ராஜாக்கள் தோற்றுப்போகும்படி நிமிர்ந்து நின்று, அதன் பிறகே தலையை ஆட்டினார். அம்மாள் முன்பக்கமாக எடுத்தார். பெயரைக் கேட்டு எழுதியும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து பத்தடி வைப்பதற்குள் ரப்பர் அடிப்பாகம் வழுக்கியது. மத்தியான வெயிலில் பனியின் மேல்தோல் இளகி எண்ணெய்போல ஆகியிருந்தது. தோட்டத்தில் மழைநாளில் மேட்டில் இருக்கிற மர நிரைக்கு ஏறும்போது சிலிப்பர்மேல் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். சாக்குக்கு இங்கே எங்கே போவது? ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மேல் ஜோடிக் காலுறையைக் கழற்றி, பூட்ஸுக்கு மேலே இழுத்து மாட்டினார். கம்பளி பனியைக் கவ்விக்கொண்டது. எழுந்து நடந்தார். நடை ஓட்டமாயிற்று.

பாதி வழியில் பின்னாலிருந்து பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. பாலகிருஷ்ணனின் தலை நீண்டது. பூட்ஸுக்கு மேல் காலுறையைக் கண்டு இன்னும் கொஞ்சம் நீண்டது.

"ஐயோ அண்ணி, என்ன கோலம் இது! ஏறுங்க, ஏறுங்க. இருவது நிமிஷந்தான் இருக்கு. நல்லவேளை நான் பாத்தேன்."

அம்மாள் படியில் காலை வைக்கவில்லை. நல்லவேளை நான் பாத்தேன் என்கிற அந்த மூன்று சொல் ஆண்டுக் கூட்டத்தில் முப்பது நிமிஷமாக வளரும் என்பது அவருக்குத் தெரியும்.

"நடந்து போறேன்னுதான தம்பி கையெழுத்து வாங்குனீங்க? முத்திர வேற குத்தியிருக்கீங்க. அத மீறலாமா?"

"அது போறதுக்குலா! வர்றதுக்கு இல்ல!"

"அப்படி எழுதலயே. நீங்க உள்ள போனீங்களா கோயிலுக்கு?"

"நேரமில்ல. வெளியில நின்னு எல்லாருமா படம் புடிச்சோம்."

"நல்லாருக்கா?"

"கூட்டத்துல எவனோ குறுக்க வந்துட்டான்."

பேருந்துக்குள் யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஜானகி இருக்கையை விட்டு எழுந்து, கணவரின் கையைக் கதவிலிருந்து மெதுவாக விலக்கி, இறங்கிவிட்டார்.

"ஜானகி! எங்க போற?"

"அக்காகூட."

"நீ கையெழுத்துப் போடலையே!"

"நீங்க போட்டுக்குங்க."

கதவு மூடிக்கொண்டது. இரண்டு பெண்களும் கைகோத்து நடந்தார்கள். ஜானகியின் கம்பளி உரோம பூட்ஸ் முதல் திருப்பத்திலேயே வழுக்கியது. அம்மாள் அவரையும் உட்காரவைத்து, அவருடைய காலுறையைக் கழற்றி மேலே மாட்டிவிட்டார். "தோட்டத்து டெக்னிக்," என்றார். துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது. இருவரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு அம்மாளின் காலுறை கப்பலில் ஏறும் பாலத்தில் பதிந்தது. மேலே தளத்தில் நின்றுகொண்டிருந்த பாலகிருஷ்ணன் தம் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எந்தக் கத்தியை எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டார்கள். அம்மாள் கூரையைப் பற்றிச் சொன்னார், ஜன்னலைப் பற்றிச் சொன்னார், தரையைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார். கைத்தொலைபேசியில் துடைப்பானோடு நின்ற ராணியைக் காட்டினார். "இவங்க யாரு?" என்று கேட்ட எல்லாருக்கும் பெயரைச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் கப்பல் அடுத்த துறையை நெருங்கியபோது, பாலகிருஷ்ணன் பேருந்துப் பட்டியலோடு வந்தார். மேசையில் அவருக்கு முன்பாகவே ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் காலிலும் பூட்ஸுக்கு மேல் காலுறை. நடுவில் ஜானகி.

"அந்தக் கடுதாசி இன்னும் ஆறேழு இருக்குங்களா?" என்று ஜானகி கேட்டார்.

"எந்தக் கடுதாசி?"

"வழி தவறுதல், வழுக்கி விழுதல்... அந்தக் கடுதாசி."

"ஒண்ணுதான் இருந்துச்சு. உங்க அக்கா போட்டுட்டாங்க."

கமலவேணி அம்மாள் புளிக்கவைத்த மீனில் ஒரு துண்டை எடுத்து, எந்தக் கத்தியும் இல்லாமல், கையாலேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"கீழ ஒப்பிஸுல போட்டோஸ்டாட் மெசின் இருக்கு தம்பி," என்றார். "முத்திரைய மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."